காசநோய் மாத்திரை: எதைத் தாங்கலாம், எதற்கு அன்றைக்கே நிறுத்த வேண்டும்

காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் வீட்டில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒருவர் முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார். இன்னொருவர் கண் மஞ்சளித்து, சோறு இறங்காமல் ஒரு வாரம் படுத்துக் கிடந்தும், "டி.பி. மாத்திரை என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று தினமும் விழுங்கிக்கொண்டே இருக்கிறார். நிறுத்தக் கூடாதவர் நிறுத்துகிறார், நிறுத்த வேண்டியவர் தொடர்கிறார். முதலாமவருக்கு நோய் முற்றும். கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறவும் வழியுண்டு. இரண்டாமவருக்கு உயிரே போகலாம். எந்த அறிகுறி எந்தப் பக்கம் சேரும் என்று தெரிந்துகொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

முதலில் நீங்கள் எந்த முறைச் சிகிச்சையில் இருக்கிறீர்கள் என்பதைச் சிகிச்சை அட்டையில் பாருங்கள். தினசரி ஆறு மாதச் சிகிச்சையா, நோய் வராமல் தடுக்க வாரம் ஒருமுறை போடுவதா, மருந்துக்கு அடங்காத காசநோய்க்கான சிகிச்சையா என்பதைப் பொறுத்துப் பயப்பட வேண்டிய விஷயமும் மாறும்.

தினசரி ஆறு மாதம்

இந்தியாவின் அரசுத் திட்டத்தில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளை ஒரே மாத்திரையாகச் சேர்த்துத் தருகிறார்கள். ஒரு மாத்திரையில் ஐசோனியசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைட் 400, எத்தாம்புட்டால் 275 மி.கி. இருக்கும். அடுத்த நான்கு மாதம் பைரசினமைட் இல்லாத மூன்று மருந்து மாத்திரை. எண்ணிக்கை எடையைப் பொறுத்தது: 25 முதல் 34 கிலோ வரை 2, 35 முதல் 49 வரை 3, 50 முதல் 64 வரை 4, 65 முதல் 75 வரை 5 மாத்திரைகள்.

இந்த எடைக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. 35 கிலோ இருப்பவருக்கும் 49 கிலோ இருப்பவருக்கும் அதே 3 மாத்திரைதான். ஆனால் பைரசினமைட் 1200 மி.கி. என்பது 35 கிலோக்காரருக்குக் கிலோவுக்கு 34 மி.கி.; 49 கிலோக்காரருக்கு 24 மி.கி.தான். எத்தாம்புட்டாலும் அப்படியே: ஒருவருக்குக் கிலோவுக்கு 23 மி.கி.க்கு மேல், மற்றவருக்கு 17 மி.கி.க்குக் கீழ். ஆகவே எடை வரம்பின் அடிமட்டத்தில் இருக்கும் ஒல்லியானவர்தான் மூட்டுவலி, கண் தொந்தரவு, கல்லீரல் பாதிப்பு மூன்றுக்கும் கூடுதலாகக் கண்காணிக்கப்பட வேண்டியவர். மாதாமாதம் எடை பாருங்கள். 5 கிலோவுக்கு மேல் ஏறியோ இறங்கியோ வேறு வரம்புக்குப் போய்விட்டால் மாத்திரை எண்ணிக்கையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டுபிடித்தவுடன் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். உடம்பு மிக நலிந்தவர்களை முதலில் வார்டில் சேர்த்துத் தேற்ற வேண்டும். அப்படிச் சேரச் சொன்னால் மறுக்காதீர்கள்.

பயப்பட வேண்டாதவற்றை முதலில் சொல்லிவிடலாம். சிறுநீர், வியர்வை, கண்ணீர், எச்சில் எல்லாம் ஆரஞ்சு நிறமாவது ரிஃபாம்பிசின் சாயம்தான். அது ரத்தம் இல்லை. வெள்ளை உள்ளாடையிலும் தலையணை உறையிலும் கறை படியும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் சிகிச்சை முடியும்வரை கண்ணாடிக்கு மாறிவிடுவது நல்லது, ஏனென்றால் லென்ஸில் ஏறிய நிறம் போகாது.

முதல் சில வாரம் குமட்டலும் வயிற்றெரிச்சலும் சகஜம். வெறும் வயிற்றில் போட்டால் மருந்து நன்றாக உடம்பில் சேரும் என்பது உண்மைதான். அதற்காக வாந்தியெடுத்துக்கொண்டு வெறும் வயிற்றிலேயே போட வேண்டியதில்லை. இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கஞ்சியோ சாப்பிட்டுவிட்டுப் போடலாம். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். ஒரு நாள் மாத்திரையை மொத்தமாக ஒரே வேளையில் போட வேண்டும். காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று பிரித்தால் ரத்தத்தில் மருந்து ஏற வேண்டிய உச்சத்துக்கு ஏறாது. வயிற்றெரிச்சலுக்கு ஜெலூசில் போன்ற மருந்து குடித்தால் இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். அதிலுள்ள அலுமினியம் ஐசோனியசிட்டை உடம்பில் சேரவிடாது. போட்ட அரை மணிக்குள் வாந்தியில் மாத்திரை அப்படியே வந்துவிட்டால், திரும்பப் போடுவதா வேண்டாமா என்று அன்றைக்கே சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள்.

கல்லீரல்

தினசரி முறையில் ஆளைக் கொல்லக்கூடிய பக்கவிளைவு எதுவென்றால் இதுதான். நான்கு மருந்தில் எத்தாம்புட்டாலைத் தவிர மற்ற மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. அதில் பைரசினமைட் முதலிடம். பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் வரும். குடிப்பழக்கம், மஞ்சள் காமாலை பி அல்லது சி, முதுமை, சத்துக்குறைவு இருந்தால் வாய்ப்பு அதிகம்.

கண் மஞ்சளாவது கடைசியில்தான். அதற்குச் சில நாள் முன்பே பசி போய்விடும். சோற்றைக் கண்டாலே குமட்டும், காரணமில்லாத அசதி வரும், வலது விலா எலும்புக்குக் கீழே வலிக்கும். முதல் வாரத்திலேயே இருந்த குமட்டல் தொடர்வது வேறு. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு மூன்றாவது, ஐந்தாவது வாரத்தில் திடீரெனப் பசி நின்றால் அதைக் கல்லீரல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஆரஞ்சாகப் போகும் சிறுநீரில் காமாலையை எப்படிக் கண்டுபிடிப்பது? மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் ஆரஞ்சு அழுத்தமாக இருக்கும். இரவாக ஆக வெளிறும். மறுநாள் மாத்திரை போடுவதற்கு முன் ஏறக்குறைய பழைய நிறத்துக்கு வந்திருக்கும். காமாலைச் சிறுநீர் அப்படி வெளிறாது. எந்த நேரமும் கடுங்காப்பி நிறத்திலேயே இருக்கும். அத்தோடு கண்ணைப் பகல் வெளிச்சத்தில் வாசலில் நின்று பாருங்கள். கீழ் இமையை இழுத்து, மேலே பார்க்கச் சொன்னால் வெள்ளை விழியின் அடிப்பகுதியில் மஞ்சள் தெரியும். டியூப் லைட் வெளிச்சத்தில் இது தப்பிவிடும்.

இப்படி இருந்தால் அன்றைய மாத்திரையைப் போடாமல், எல்லா மாத்திரையையும் எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்தக் கட்டுரையில் "நீங்களே நிறுத்தலாம்" என்று சொல்லும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவைப் பார்ப்பார்கள். அறிகுறியோடு இயல்பு அளவின் மூன்று மடங்கு, அதாவது 40 உச்ச வரம்பு என்றால் 120, இருந்தாலே மருந்தை நிறுத்த வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாமல் இருந்தால் ஐந்து மடங்கு, அதாவது 200 வரை பொறுக்கலாம். இதற்கிடையே லேசாக ஏறி இறங்குவது பலருக்கும் நடக்கும்; அறிக்கையில் 70 என்று பார்த்ததும் மருந்தை நிறுத்தக் கூடாது.

பிறகு எஸ்.ஜி.பி.டி. இரண்டு மடங்குக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்து, கூட்டு மாத்திரையாக இல்லாமல் தனித்தனி மருந்தாகத் தொடங்குவார்கள். பெரும்பாலும் முதலில் ரிஃபாம்பிசின், 3 முதல் 7 நாள் கழித்து ஐசோனியசிட். ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனை. பாதிப்பு கடுமையாக இருந்தவர்களுக்குப் பைரசினமைட்டைத் திரும்பக் கொடுப்பதில்லை. அப்படி அதை விட்டால் மொத்தச் சிகிச்சை ஒன்பது மாதமாகும். நோய் முற்றியிருந்து காத்திருக்க முடியாதவர்களுக்கு எத்தாம்புட்டால், லீவோஃப்ளோக்சசின் போன்ற கல்லீரலைத் தொடாத மருந்துகளை இடைக்காலத்துக்குக் கொடுப்பார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் கூட்டு மாத்திரையை "மஞ்சள் இறங்கிவிட்டது" என்று நீங்களாக ஆரம்பித்தால், மூன்று மருந்தும் ஒரே நாளில் கல்லீரலில் இறங்கும். எது காரணம் என்றும் தெரியாமல் போகும்.

கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் குடித்து, பத்தியம் இருப்பது நம் வழக்கம். இங்கே கல்லீரலைக் கெடுத்துக்கொண்டிருப்பது தினமும் உள்ளே போகும் மாத்திரை. அதை நிறுத்தாமல் வேறு எதைக் குடித்தாலும் பயனில்லை. காமாலைக்கு நாட்டு மருந்து தேடி அலைந்த நாட்களில் ஈரல் செயலிழந்துபோனால் பிறகு யாரும் எதுவும் செய்ய முடியாது.

நரம்பு, கண், மூட்டு

ஐசோனியசிட் உடம்பிலுள்ள பி6 வைட்டமினைக் குறைத்துவிடும். அதனால் பாதத்தில் மரமரப்பும் எரிச்சலும் வரும். பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருக்கும். செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்ததே தெரியாமல் நாலு அடி நடந்துவிடுவது இதன் நல்ல அடையாளம். ஐசோனியசிட்டை மெதுவாகக் கழிக்கும் உடல்வாகு உள்ளவர்களுக்கு இது சீக்கிரம் வரும். தென்னிந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த வகை. குறைந்த அளவு பி6 கொடுத்தாலே இதைத் தடுக்கலாம் என்பதற்கான ஆரம்பகாலச் சான்றுகளில் ஒன்று 1960-களில் சென்னை சேத்துப்பட்டில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. ஆகவே பைரிடாக்சின் 10 மி.கி. மாத்திரையைச் சத்து மாத்திரைதானே என்று ஒதுக்காதீர்கள். சர்க்கரை நோய், குடி, கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அது கட்டாயம். எரிச்சல் தொடங்கிவிட்டால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். பெரும்பாலானோர் காசநோய் மருந்தை நிறுத்தாமலே சரியாகிவிடுவார்கள்.

எத்தாம்புட்டால் பார்வை நரம்பைத் தாக்கும். அளவு கூடக்கூட ஆபத்து கூடும், சிறுநீரகம் சரியில்லாதவருக்கு இன்னும் கூடும். பல நாடுகளில் இரண்டு மாதத்தோடு இதை நிறுத்திவிடுகிறார்கள். இந்தியாவில் ஐசோனியசிட்டுக்கு அடங்காத கிருமி அதிகம் என்பதால் ஆறு மாதமும் தருகிறார்கள். அதனால் கண்ணை ஆறு மாதமும் கவனிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு செய்தித்தாளின் பொடி எழுத்தைப் படியுங்கள். பிறகு மற்றக் கண். ஒரு தட்டில் பச்சை மிளகாயும் பழுத்த சிவப்பு மிளகாயும் வைத்து, சிவப்பு மங்கித் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கண்ணின் குறையை மற்றது மறைத்துவிடும். மங்கல் தெரிந்தால் அடுத்த வேளை போடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். எத்தாம்புட்டால்தான் காரணம் என்று உறுதியானால் திரும்ப அதைத் தரவே மாட்டார்கள். சீக்கிரம் நிறுத்தினால் பார்வை பெரும்பாலும் திரும்பும். தாமதித்தால் திரும்பாமலும் போகலாம். மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லத் தெரியாத சின்னக் குழந்தைகளிடம் பெற்றோர்தான் இதைக் கவனிக்க வேண்டும்.

மூட்டுவலி பைரசினமைட்டால் வருவது; யூரிக் அமிலம் ஏறும். தோள், முழங்கால், விரல் மூட்டு வலிக்கும். வலி மாத்திரையால் அடங்கும், இரண்டு மாதம் முடிந்து பைரசினமைட் நின்றதும் தானாகப் போய்விடும். வலியே இல்லாமல் ரத்தத்தில் மட்டும் யூரிக் அமிலம் கூடியிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

அரிப்பு மட்டும் இருந்தால் செட்ரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரையோடு தொடரலாம். அரிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் கொப்புளம் என்று ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு அன்றே வார்டில் சேர வேண்டும்.

விட்டுவிட்டுப் போடுவதால் வருவது

2017 வரை இந்தியத் திட்டத்தில் வாரம் மூன்று நாள் முறை இருந்தது. போடும் நாளில் ஐசோனியசிட் 600, ரிஃபாம்பிசின் 450, பைரசினமைட் 1500, எத்தாம்புட்டால் 1200 மி.கி. என்று ஏழு மாத்திரைகளைச் சேர்த்து விழுங்க வேண்டும். விட்டு விட்டுக் கொடுத்ததில் மூட்டுவலி குறைவாக இருந்தது. ஆனால் ரிஃபாம்பிசினுக்கு இடைவெளி ஆகாது. இடைவெளியில் உடம்பு அதற்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடும். அடுத்த முறை மருந்து உள்ளே போனதும் அது கிளர்ந்தெழும். சிலருக்கு மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல், உடம்புவலி. அரிதாக ரத்தத் தட்டணுக்கள் சரிந்து தோலுக்கடியில் ரத்தப் புள்ளிகள் தோன்றும். இன்னும் அரிதாகச் சிறுநீரகம் செயலிழக்கும்.

இந்தப் பழைய கதையை இப்போது சொல்லக் காரணம் உண்டு. தினசரி முறையில் இருந்துகொண்டு, ஊருக்குப் போனேன், வேலைக்குப் போனேன் என்று விட்டு விட்டுப் போடுபவர் தமக்குத் தாமே அந்த இடைவெளி முறையை, அதுவும் ஒழுங்கில்லாமல், கொடுத்துக்கொள்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் வீட்டில் மிச்சமிருக்கும் பட்டையைப் பிரித்துத் தொடங்காதீர்கள். சளிப் பரிசோதனை செய்து, மருத்துவர் முன்னிலையில் தொடங்குங்கள். ஒன்றிரண்டு நாள் தவறினால் மறுநாள் வழக்கமான அளவுதான். இரட்டிப்பாகப் போடக் கூடாது.

ரத்தப் புள்ளியைச் சோதிக்கக் கண்ணாடி டம்ளரின் அடியைத் தோலில் அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு வெளுத்து மறையும், ரத்தப் புள்ளி மறையாது. அதுவோ, ஈறில் ரத்தமோ, சிறுநீர் திடீரெனக் குறைந்து போவதோ இருந்தால் ரிஃபாம்பிசினை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவருக்கு வாழ்நாளில் இனி ரிஃபாம்பிசின் கூடாது. இதை அட்டையில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

நோய் வராமல் தடுக்க வாரம் ஒருமுறை

வீட்டில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவர்களுக்கு ஐசோனியசிட்டை ஆறு மாதம் தினமும் கொடுப்பது ஒரு வழி. ஐசோனியசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வேளை கொடுப்பது இன்னொன்று. பெரியவர்களுக்கு இரண்டும் 900 மி.கி. வரை. 2011-இல் வெளியான பெரிய ஆய்வில் ஒன்பது மாத ஐசோனியசிட்டால் 2.7 சதவீதத்தினருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது. பன்னிரண்டு வார முறையில் 0.4 சதவீதம்தான். ஆனால் ஒவ்வாமை போன்ற விளைவு வார முறையில் 3.8, தினசரி முறையில் 0.5 சதவீதம். கல்லீரலுக்கு நல்லது, காய்ச்சலுக்குக் கொஞ்சம் கெட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வேளைக்குப் பிறகு, மாத்திரை போட்டு நான்கு மணி நேரத்தில் வரும். ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். வேலைக்குப் போகாத நாளின் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் பலர் தூங்கியே கடத்திவிடுகிறார்கள். லேசானதென்றால் பாராசிட்டமால் போதும். தலைசுற்றி விழுவது, ரத்த அழுத்தம் இறங்குவது, மூச்சுத் திணறல் இருந்தால் அடுத்த வாரம் போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்துக்கு அடங்காத காசநோய்

இங்கே மருந்துகளும் வேறு, பயமும் வேறு. பெடாக்குவிலின் இரண்டு வாரம் தினமும் 400 மி.கி., பிறகு வாரம் மூன்று நாள் 200 மி.கி. கொடுக்கப்படுகிறது, சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் பாதி அளவே சேரும். இது இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை நீட்டும். மாக்சிஃப்ளோக்சசினும் குளோஃபாசிமினும் சேர்ந்து அதைக் கூட்டும். இ.சி.ஜி.யில் அந்த நீட்சியைக் காட்டும் க்யூ.டி. அளவு 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் நிறுத்தியாக வேண்டும். வாந்திக்கு மெடிக்கலில் தாமாக வாங்கும் டாம்பெரிடோன், சளிக்கு வாங்கும் அசித்ரோமைசின் இரண்டும் இதே வேலையைச் செய்பவை. பெடாக்குவிலின் எடுப்பவர் இவற்றை வாங்கவே கூடாது. வயிற்றுப்போக்கிலும் வாந்தியிலும் பொட்டாசியம் இறங்கினால் ஆபத்து இன்னும் கூடும். படபடப்போ மயக்கமோ வந்தால் அன்றே இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

லினசோலிட் ரத்த அணுவைக் குறைக்கும், கால் நரம்பையும் கண் நரம்பையும் தாக்கும். பெடாக்குவிலின், பிரிட்டோமானிடோடு 26 வாரம் கொடுத்த ஆய்வில் தினம் 1200 மி.கி. எடுத்தவர்களில் 38 சதவீதத்தினருக்கு நரம்புப் பாதிப்பும் 22 சதவீதத்தினருக்கு ரத்த அணுக் குறைவும் வந்தன, 600 மி.கி. எடுத்தவர்களில் அவை 24 சதவீதமும் 2 சதவீதமும்தான். இன்றைய ஆறு மாத முறையில் 600 மி.கி. தருவது இதனால்தான். இரண்டாவது வாரத்திலும் பிறகு மாதந்தோறும் ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். நரம்பு எரிச்சல் லேசாகத் தொடங்கும்போதே சொன்னால் அளவைக் குறைத்துக் காப்பாற்றலாம். நடக்க முடியாமல் போன பிறகு சொன்னால் அது முழுதும் திரும்புவதில்லை.

குளோஃபாசிமின் தோலைக் கறுப்பாக்கும். செம்பழுப்பாகத் தொடங்கி முகம், கை எல்லாம் கறுத்து, தோல் வறண்டு செதில் விடும். ஆபத்தில்லாத பக்கவிளைவு என்று மருத்துவர்கள் ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். ஆனால் நோயை வெளியே சொல்லாமல் மறைத்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து ஊரே "ஏன் இப்படிக் கறுத்துப் போனாய்" என்று கேட்கும்போது அவள் மருந்தை நிறுத்திவிடுவாள். இது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மருந்து நின்ற பிறகு மாதக்கணக்கில் மெல்ல வெளுக்கும், சிலருக்கு வருடமும் ஆகும். தேங்காய் எண்ணெய் தடவலாம், வெயிலுக்கு முழுக்கைச் சட்டை போடலாம்.

சைக்ளோசெரின் மனத்தைத் தாக்கும். தூக்கம் கெடும், பேச்சு குறையும், யாரோ கூப்பிடுவது போலக் கேட்கும், தற்கொலை எண்ணம் வரும், வலிப்பும் வரலாம். நோயாளிக்கே இது தெரியாது. உடன் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவரைத் தனியாக விடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். கூடவே தரும் அதிக அளவு பைரிடாக்சின் ஒரு நாளும் தவறக் கூடாது.

மற்ற மருந்தும் சாப்பாடும்

ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி மற்ற மருந்துகளை வேகமாகக் கழித்துவிடும். கருத்தடை மாத்திரை வேலை செய்யாது. காப்பர்-டியோ ஆணுறையோ வேண்டும். கிளிமிபிரைட் போன்ற சர்க்கரை மாத்திரைகளின் பலன் குறைந்து சர்க்கரை ஏறும். வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தம் உறையும் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். காசநோய் மருந்து முடிந்ததும் இவை எல்லாம் தலைகீழாகும் என்பதால் அப்போதும் அளவை மாற்ற வேண்டும். லீவோஃப்ளோக்சசின் எடுப்பவர்கள் இரும்புச்சத்து மாத்திரையை இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். ஐசோனியசிட் எடுக்கும்போது பழசான சூரை மீன் சாப்பிட்டால் முகம் சிவந்து, தலைவலித்து, நெஞ்சு படபடக்கும். புது மீனாக, வேறு வகையாக வாங்குங்கள். மதுவை முழுவதும் விட வேண்டும்.

சந்தேகம் எழுந்தால் அரசுக் காசநோய்த் திட்டத்தின் நிக்ஷய் உதவி மையத்தை அழையுங்கள், இலவச எண் 1800-11-6666. எந்த மருந்தின் பக்கவிளைவையும் நோயாளியே 1800-180-3024 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, தொந்தரவு தொடங்கிய தேதி மூன்றும் கையில் இருக்கட்டும்.